சிரிக்காமல் சொன்ன சொல்

வடம்வலி என்கிற கயிறு இழுக்கும் போட்டியில், கயிற்றின் கடைசியில் நிற்பவளுக்கு எதிரணியின் முகம் தெரியாது. முன்னால் ஏழு முதுகுகள், அவற்றுக்கு அப்பால் வெறும் சத்தம். ஒன்பதாம் வகுப்பு தமிழ்ப்ரியாவுக்கு அது போதுமாக இருந்தது. வடம் அவளுடைய கக்கத்தின் கீழ் நுழைந்து, முதுகைக் குறுக்காகக் கடந்து, மறு தோள் வழியாக இறங்கியிருந்தது. குதிகாலை மண்ணில் புதைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, வானத்தைப் பார்த்தபடி அவள் பிடித்து நின்றாள். முன்னாலிருந்து கேப்டன் மாரீஸ்வரி குரல் கொடுக்கும்போதெல்லாம் எட்டுப் பேரும் ஒரே காலாகப் பின்னால் அடி வைத்தார்கள். வடத்தில் கட்டிய சிவப்புத் துணி கோட்டைத் தாண்டியது. விசில் ஊதிவிட்டார்கள். பாலக்காட்டு ஜில்லாவுக்குள் அந்த உபஜில்லாவின் கோப்பை எலப்புள்ளிப் பக்கத்துப் பெண்களுக்கு என்று மைக்கில் சொன்னார்கள்.

மாரீஸ்வரி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். எல்லோர் முகத்திலும் செம்மண். அந்தக் குவியலுக்குள் கிடந்த தமிழ்ப்ரியாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இத்தனை பெரிய சந்தோஷம் அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

பீப், பீப், பீப். பெரிய வண்டி பின்னால் நகரும்போது எழுப்புகிற அதே சத்தம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் மொத்தமும் கைதட்டியபடி வாயாலேயே அதை எழுப்பினார்கள். நடுநடுவே பறை அதிர்ந்தது. "ஜேசிபி, ஜேசிபி" என்று ஒரே குரலாகக் கத்தினார்கள். அவர்களுக்கு முன்னால் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடியவன் பத்தாம் வகுப்பு பூபதிராஜா.

தமிழ்ப்ரியா எழுந்து நின்று, அவர்களைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அவளுடைய அப்பா கருப்புசாமிக்கு நெல்வயலும் மாடுகளும் உண்டு. மாட்டுக்குச் சோளத்தட்டுக் கட்டைத் தலையில் தூக்கி வருவதும் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவதும் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வகுப்பில் எல்லோரையும் விட உயரம், அகலம். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பெஞ்சுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியே வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே நின்ற பூபதிராஜா 'பீப் பீப்' என்றான். வகுப்பே குலுங்கியது. அவனுக்கு எந்தச் சத்தமும் தொண்டையில் வரும். தலைமையாசிரியரின் இருமல் முதல் பாலக்காட்டு பஸ்ஸின் ஏர் ஹாரன் வரை. அவன் சிரிக்க வைத்தால் சிரிக்காமல் இருக்க யாராலும் முடியாது. அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகும் என்று அந்த நொடியிலேயே அவளுக்குத் தோன்றிவிட்டது.

அன்றிலிருந்து பேர் ஒட்டிக்கொண்டது. அவள் கரும்பலகைக்குப் போனால் பீப் பீப். தண்ணீர் குடிக்க எழுந்தால் பீப் பீப். மணி அடித்ததும் எல்லோரும் போகும்வரை பெஞ்சிலேயே இருந்து, பையில் எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்யக் கற்றுக்கொண்டாள். வராண்டா வழியாகப் போகாமல் சைக்கிள் ஷெட்டின் பின்புறமாகச் சுற்றிப் போனாள். விடை தெரிந்தாலும் கை தூக்குவதில்லை.

பள்ளிக்கூடத்தின் படிக்கட்டுச் சுவரில் ஒரு சுவரொட்டி உண்டு. நெட்டையான ஒருவன் குட்டையான ஒருவனின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியிருப்பான். கீழே 'துன்புறுத்தலைத் தடுப்போம்' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதியிருக்கும். தமிழ்ப்ரியா தினமும் அதைக் கடந்துதான் போனாள். அவளை யாரும் அடித்ததில்லை, காலரைப் பிடித்ததில்லை, சோற்றைப் பிடுங்கித் தின்றதில்லை. ஆகவே அந்தச் சுவரொட்டி தனக்கானது என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை.

விளையாட்டு ஆசிரியர் ஜோபி சார் தொடுபுழைக்காரர், மலையாளி. இந்த வருடம் பெண்களுக்கு வடம்வலி அணி உண்டாக்கினார். மைதானத்து ஓரப் பனைமரத்தில் கப்பி கட்டி, மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொருத்தியாக இழுக்கச் சொன்னார். தமிழ்ப்ரியா இழுத்ததும் மூட்டைகள் உச்சிக்குப் போய் நின்றன. சாரின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் மறக்கவில்லை. முதல் தடவையாக அவளுடைய கனம் ஒருவருக்கு வேண்டியதாக இருந்தது. வடத்தைப் பிடித்திருக்கும் நேரத்தில் அவளுக்கு உடம்பை எங்கே ஒளித்துவைப்பது என்ற கவலையே கிடையாது.

அந்த இடத்துக்கும் அந்தச் சத்தம் வந்துவிட்டது. வடம்வலியில் பின்னால் போனால்தான் வெற்றி. பூபதிராஜாவின் சத்தமோ அதற்கென்றே செய்தது போலிருந்தது. உபஜில்லா ஜெயித்த சாயங்காலமே அவன் ஒரு ரீல் போட்டான். தமிழ்ப்ரியா வடத்தோடு பின்னால் போகப் போக, அவள் உடம்பு மஞ்சள் நிற இயந்திரமாக மாறும். இரண்டே நாளில் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டார்கள்.

பால் சொசைட்டியில் யாரோ அவள் அம்மா சித்ராவிடம் அதைக் காட்டினார்கள். அம்மா வீட்டுக்கு வந்து, பால் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, உன்னைய மண்ணு அள்ளற வண்டின்னு போட்டிருக்கறாங்களே, அது உனக்குப் புடிச்சிருக்குதா?"

சும்மா தமாஷ் என்று தமிழ்ப்ரியா சொன்னாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

ஜில்லா போட்டிக்குத் தேதி வந்தது. அணி முழுக்கப் பரபரத்தது. காலையில் ஓட்டம், சாயங்காலம் பனைமரம். தமிழ்ப்ரியாவின் தோளில் வடம் உரசிய தடம் சிவந்து கிடந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு பெருமை. அப்படி ஒரு நாள் மத்தியானம் குழாயடியில் கை கழுவப் போனபோது ஐந்தாம் வகுப்பு கவிநயாவைப் பார்த்தாள்.

கவிநயா உருண்டு திரண்ட பிள்ளை. கையில் சோற்றுத் தட்டு. அவளைச் சுற்றி அவள் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர். "சின்ன ஜேசிபி" என்று சொல்லிச் சொல்லி 'பீப் பீப்' போட்டுக்கொண்டிருந்தார்கள். கவிநயா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, பாதிகூடச் சாப்பிடாத சோற்றையும் சாம்பாரையும் கழிவு வாளியில் கவிழ்த்தாள்.

தமிழ்ப்ரியா பையன்களை விரட்டினாள். பிறகு குனிந்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். பசி இல்லை என்றது பிள்ளை. அவர்கள் கேலி பண்ணும்போது எதற்குச் சிரித்தாய் என்று கேட்டாள்.

கவிநயா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் சிரிக்கறீங்கல்லங்க்கா. ரீல்ல பாத்தேன்."

அன்றைக்குப் பனைமரத்தில் மூட்டை பாதி உயரம்கூட ஏறவில்லை. உடம்பு சரியில்லையா என்று ஜோபி சார் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் அந்தப் பிள்ளையின் சிரிப்பே கண்ணில் நின்றது. அது தன்னுடைய சிரிப்புதான். உதடு விரியும், கண் அசையாது. வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவளுக்கு இருந்த ஒரே நெருங்கிய தோழி மௌனிகா. அணி வரிசையில் முதலில் நிற்பவள், ஒல்லி, வாய் ஓயாதவள். வாய்க்கால் வரப்பில் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது தமிழ்ப்ரியா எல்லாவற்றையும் சொன்னாள். மௌனிகாவுக்கு அது புதிதாக இல்லை. மணி அடித்த பிறகும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதையும், சைக்கிள் ஷெட் சுற்றிப் போவதையும் அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். கேட்டால் தோழி சங்கடப்படுவாளோ என்று கேட்காமல் விட்டிருந்தாள்.

"இது தமாஷா, இல்ல அந்தப் படிக்கட்டுல ஒட்டியிருக்குதே, அதுவா?" என்று தமிழ்ப்ரியா கேட்டாள்.

மௌனிகா யோசித்தாள். தமாஷ் என்றால் ஒரு நாள் நீ என்னைக் கேலி பண்ணுவாய், மறுநாள் நான் உன்னைப் பண்ணுவேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம் என்றாள். இது அப்படியில்லை. தினமும் ஒரே ஆளுக்கு; மொத்தப் பள்ளிக்கூடமும் ஒரு பக்கம், நீ ஒருத்தி இன்னொரு பக்கம். பிறகு திடீரென்று நின்று, "நிறுத்துங்கன்னு நீ ஒருக்காலாச்சும் சொல்லியிருக்கறயா?" என்று கேட்டாள்.

"சொன்னனே. ரெண்டு மூணு தடவ."

"எப்படிச் சொன்ன? சொல்லிக் காட்டு."

தமிழ்ப்ரியா, "ஐயோ போதும் விடுங்ணா" என்று சொல்லிக் காட்டினாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மௌனிகா சைக்கிளை ஸ்டாண்ட் போட்டாள். சிரித்துக்கொண்டு சொன்னால் இன்னும் வேண்டும் என்றுதான் அர்த்தமாகும், சிரிக்காமல் சொல் என்றாள்.

அது அத்தனை லேசான காரியமாக இல்லை. வரப்பில் நின்று தமிழ்ப்ரியா முயன்றுகொண்டே இருந்தாள். ஒரு தடவை உதடு கோணியது. ஒரு தடவை குரல் கெஞ்சியது. இன்னொரு தடவை கோபமாக ஆரம்பித்து அழுகையில் முடிந்தது. மௌனிகா பூபதிராஜா மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்று 'பீப்' என்றதும் இருவருமே நிஜமாகவே சிரித்ததில், வயலில் நின்ற கொக்குகள் பறந்துபோயின. இருட்டுவதற்குள் ஒரே ஒரு தடவை சரியாக வந்தது. சின்ன வாக்கியம், தாழ்ந்த குரல், முகத்தில் ஒன்றுமில்லை. அதைக் கேட்டு மௌனிகாவே கொஞ்சம் மிரண்டாள்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், அன்றைக்குப் பொய் சொன்னேன், எனக்கு அது பிடிக்கவில்லை என்றாள். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. காலையிலேயே பள்ளிக்கூடத்துக்கு வருவதாகச் சொன்னாள். முதலில் தானே சொல்லிப் பார்ப்பதாகத் தமிழ்ப்ரியா சொன்னாள். அம்மா சம்மதித்தாள். "வரோணும்னா ஒரு வார்த்த சொல்லு கண்ணு, வந்துபோடறேன்" என்றாள்.

மறுநாள் இடைவேளையில், பத்தாம் வகுப்பு வராண்டாவில், மௌனிகா பக்கத்தில் நிற்க, தமிழ்ப்ரியா பூபதிராஜாவின் முன்னால் போய் நின்றாள்.

"பூபதிண்ணா, என்னைய அந்தப் பேருல கூப்பிடாதீங்க. அந்தச் சத்தமும் வேண்டாம். எனக்குப் புடிக்கல."

சிரிக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஏதோ துள்ளியது.

பூபதிராஜா ஒரு கணம் திகைத்தான். பிறகு பக்கத்துப் பையன்களைப் பார்த்தான். அவர்கள் காத்திருந்தார்கள். இது சப்போர்ட், உனக்கு இப்போது ஃபேன்ஸ் இருக்கிறார்கள், புகழ் வந்ததும் சீன் போடாதே என்றான். அவள் திரும்பி நடந்தபோது பின்னால் ஒருவன் 'பீப்' போட்டான். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் வகுப்பு வாட்ஸாப் குழுவில், மஞ்சள் இயந்திரம் கண்ணீர் விடுகிற மாதிரி ஒரு ஸ்டிக்கர் வந்தது.

அன்று தமிழ்ப்ரியா அணியை விட்டு விலகுவதாக முடிவு செய்தாள். அதைச் சொல்லத்தான் மைதானத்துக்குப் போனாள். மாரீஸ்வரி பதறிப்போனாள். மாரீஸ்வரியின் குடும்பம் மதுரைப் பக்கத்திலிருந்து கஞ்சிக்கோட்டுக்குப் பிழைக்க வந்தது. அவளுக்கு இந்தக் கோப்பை உயிர். ஜில்லா போட்டி வருகிற நேரத்தில் ஒரு பட்டப்பேருக்காகவா என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தமிழ்ப்ரியாவின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னைய ஏழாங்கிளாஸ்ல இருந்து என்ன சொல்லிக் கூப்பிடுறாய்ங்கன்னு தெரியுமா உனக்கு?" என்றாள்.

அவளுடைய நிறத்தை வைத்து ஒரு பேர். அதை அவள் தன் வாயாலேயே சொன்னாள். பிறகு மௌனிகா தனக்கு 'ஒட்டடைக்குச்சி' என்றாள். இன்னொருத்திக்குத் திக்குவாய்; அவளை வாட்ஸாப்பில் 'பஃபரிங்' என்பார்களாம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல, தமிழ்ப்ரியாவுக்கு ஒன்று புரிந்தது. வருஷக்கணக்காக ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு, அவரவர் பேரை அவரவர் தனியாகச் சுமந்திருக்கிறார்கள். மற்றவளின் பேரைக் கேட்டுச் சிரித்தும் இருக்கிறார்கள். பஃபரிங் என்பதற்குத் தானும் ஒரு தடவை சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணிடம் அதைச் சொன்னாள். அந்தப் பெண் மெதுவாக, திக்கித் திக்கி, "தெ... தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்டிக்கரையும் ரீலையும் அழிக்காமல் போனில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள் ஒருத்தி. தனியாகப் போனால் சீன் என்பார்கள், எட்டுப் பேராகப் போகலாம் என்றாள் இன்னொருத்தி. எட்டுப் பேரும் செருப்பைக்கூட மாட்டாமல் ஜோபி சாரின் அறைக்கு ஓடினார்கள்.

சார் முதலில், பையன்கள் உற்சாகத்தில் கத்துவதுதானே என்றுதான் ஆரம்பித்தார். மாரீஸ்வரி அவரை முடிக்க விடவில்லை.

"சார், எங்க டீம்ல இனி யாரையும் பட்டப்பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. நீங்களும் கூப்பிடக் கூடாது."

பயிற்சியில் கடைசி இழுப்புக்கு, 'ஜேசிபி இறங்கட்டும்' என்று கத்துவது அவர்தான். நாற்காலியிலிருந்து எழுந்து தமிழ்ப்ரியாவுக்கு முன்னால் வந்து நின்றார். "ஞானும் அந்தப் பேரைத்தானே விளிச்சது, மோளே. தப்பு பண்ணிட்டேன்," என்றார். அவருடைய கலப்புத் தமிழுக்கு வழக்கமாக எல்லோரும் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளைகளின் புகார்களைப் பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் ஜாக்ரதா சமிதி என்று ஒரு குழு உண்டு. ஜோபி சார் அதைக் கூட்டச் செய்தார். தமிழ்ப்ரியா அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொன்னாள்; அம்மா அப்படியே வந்துவிட்டாள். பூபதிராஜாவும் அவன் அப்பாவும் வந்தார்கள். தான் கத்தியிருக்காவிட்டால் இந்த ஊரில் பெண்கள் வடம்வலியை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று அவன் வாதாடினான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. வகுப்பு டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நிறுத்தச் சொல்லி அவள் உன்னிடம் கேட்டாளா, இல்லையா? கேட்டாள் என்று ஒத்துக்கொண்டான். பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றான்.

ரீலை அங்கேயே அழித்தான். ஆனால் அதற்குள் அது எத்தனையோ போன்களுக்குப் போய்விட்டிருந்தது. அதை யாராலும் திருப்பி வாங்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

சமிதி முடிந்த கையோடு தமிழ்ப்ரியா ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். கவிநயாவை வெளியே கூப்பிட்டு, இனிமேல் தான் சிரிக்கப்போவதில்லை என்றும், அவளும் சிரிக்க வேண்டியதில்லை என்றும் சொன்னாள். யாராவது கேலி செய்தால் டீச்சரிடமோ தன்னிடமோ வரச் சொன்னாள். பிள்ளை தலையாட்டிவிட்டு, ஜில்லாவில் ஜெயித்தால் கோப்பையைத் தொட்டுப் பார்க்கத் தருவீர்களா என்று கேட்டது.

இரண்டு நாள் கழித்துப் பூபதிராஜா சைக்கிள் ஷெட்டில் அவளுக்காகக் காத்திருந்தான். பறை இல்லாமல் அவன் சின்னவனாகத் தெரிந்தான். இவ்வளவு தூரம் கொண்டு போகாமல் தன்னிடமே சொல்லியிருக்கலாமே என்றான்.

"சொன்னனேங்ணா. வராண்டாவுல."

அவன் சைக்கிள் பெல்லை நிமிண்டிக்கொண்டிருந்தான். பிறகு, அன்றைக்கே விட்டிருக்க வேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். தலையை நிமிர்த்தி, "அப்போ மேட்சுக்கு என்னன்னு புள்ள கத்தறது?" என்று கேட்டான்.

"எனக்குத்தான் பேரு இருக்குதில்லீங்க."

"அது தாளத்துக்கு உட்காராது."

"அது உங்க பாடுங்ணா," என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளை எடுத்தாள்.

ஜில்லா போட்டியன்று பாலக்காட்டு மைதானத்தில் கணவாய்க் காற்று தாறுமாறாக வீசியது. கொடிகள் படபடத்தன. புழுதி கண்ணை மறைத்தது. எலப்புள்ளிப் பெண்கள் காலையிலிருந்து ஒவ்வொரு அணியாக இழுத்துச் சாய்த்து இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். எதிரே, எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆனைகட்டி அணி. மலையேறிப் பழகிய கால்கள். நின்ற இடத்தில் வேர் விட்ட மாதிரி நின்றார்கள்.

முதல் இழுப்பு தொடங்கியதும் எங்கிருந்தோ அது வந்தது. பீப், பீப். வேறு ஏதோ பள்ளிப் பையன்கள். ரீல் அவர்கள் போனிலும் இருந்திருக்கிறது. தமிழ்ப்ரியாவின் காது அந்தப் பக்கம் போனது. மாரீஸ்வரியின் குரலைத் தவறவிட்டாள். ஒரு காலடி பிந்தியது, குதிகால் சறுக்கியது, எட்டுப் பேரும் குப்புற இழுபட்டார்கள்.

முதல் இழுப்பு போயிற்று. மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். இன்னொன்று தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பையன்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நீ இழு என்றாள் மௌனிகா. தமிழ்ப்ரியா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். அவளுக்குப் பயம் இல்லாமலில்லை. ஆனால் கால்கள் நடக்க ஆரம்பித்துவிட்டன. நேராகத் தடுப்புக் கயிறு வரைக்கும் போனாள். கூப்பிடாமலே மௌனிகாவும் மாரீஸ்வரியும் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தார்கள்.

பையன்களிடம் மலையாளத்தில் சொன்னாள். தன் பெயர் தமிழ்ப்ரியா, அந்தச் சத்தம் தனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்த வேண்டும். "வெறுதே, சேச்சி" என்று ஒருவன் இழுத்தான். சும்மாதானே அக்கா என்று அர்த்தம். அவள் நகராமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். மற்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதற்குள் ஜோபி சார் நடுவரிடம் போயிருந்தார். வீராங்கனைகளை யாரும் கேலி செய்யக் கூடாது, செய்தால் வெளியேற்றப்படுவார்கள் என்று மைக் கறாராகச் சொன்னது.

இரண்டாவது இழுப்பு. வடத்தைத் தோளில் மாட்டினாள். வடத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி 'பிக் அப்' என்றார் நடுவர். அந்த அமைதியில்தான் பறை எழுந்தது.

மெதுவாக ஆரம்பித்தது. பூபதிராஜாவின் கூட்டம் வரிசையில் முதலில் நிற்பவளின் பேரைச் சொன்னது: மௌனிகா. பறை ஒரு அடி. அடுத்தவள் பேர், அடுத்த அடி. ஒவ்வொரு பேருக்கும் வேறு தாளம். திக்குவாய்ப் பெண்ணின் பேரும் வந்தது, மாரீஸ்வரியின் பேரும் வந்தது. யாரும் தடுமாறவில்லை, பல நாள் உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. வரிசை பின்னால் வரவர வேகம் கூடியது. கடைசியில் பறை ஒரு கணம் நின்று, "தமிழ்" என்று ஒரு பாதி கத்த, "ப்ரியா" என்று மறுபாதி முழங்கியது. காற்று அதை அள்ளிக்கொண்டு வந்து மைதானத்தின் மேல் கொட்டியது.

இழுக்கச் சொல்லி நடுவர் 'புல்' என்றதும் அவளுடைய குதிகால் மண்ணுக்குள் இறங்கியது. அந்த இழுப்பு எப்படி முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. விசில் சத்தமும், ஆளுக்கொன்று என்று மைக் சொன்னதும்தான் தெரியும்.

மூன்றாவது இழுப்பு முடிகிற வழியாகவே இல்லை. சிவப்புத் துணி நடுக்கோட்டின் மேலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. உள்ளங்கை தீயாக எரிந்தது. கெண்டைக்கால் துடித்தது. ஆனைகட்டிக்காரிகள் ஒரு அடி வாங்கினார்கள். இவர்கள் அதைத் திருப்பி வாங்கினார்கள். மாரீஸ்வரியின் குரல் கரகரத்துப்போனது. தமிழ்ப்ரியா வானத்தைப் பார்த்தாள். அவளுக்குள் ஒளித்துவைக்க ஒன்றும் மிச்சமில்லை. உடம்பின் மொத்தக் கனத்தையும் தாராளமாக வடத்தின் மேல் போட்டாள். எதிர்ப் பக்கத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. பிறகு எட்டுப் பேரும் கிட்டத்தட்ட ஓடினார்கள்.

அவர்கள் ஜெயித்தார்கள். பூபதிராஜா பறையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குதித்தான். அம்மா சித்ரா தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டாள். யாரோ தடுக்க, அவர் கையைத் தட்டிவிட்டாள். ஜோபி சார் மூக்கைச் சிந்திக்கொண்டு, புழுதி என்றார்.

வேன் கிளம்புகிற நேரத்தில் தமிழ்ப்ரியா தண்ணீர் டிரம் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள். ஆனைகட்டி அணியில் கயிற்றின் கடைசியில் நின்ற பெண் அங்கே வந்தாள். அவளும் அதே உயரம், அதே அகலம். அதே தோளில் அதே சிவந்த தடம். அரைக் கணம் இருவரும் ஒருவர் தடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பையன்களிடம் போய் என்ன சொன்னாய் என்று அவள் கேட்டாள். தமிழ்ப்ரியா சொன்னாள். சொன்னதும் நிறுத்திவிட்டார்களா என்று கேட்டாள். முதல் தடவை யாரும் நிறுத்தவில்லை, இன்னும் மோசமாகத்தான் ஆயிற்று என்று தமிழ்ப்ரியா உள்ளதைச் சொன்னாள். பிறகு எட்டுப் பேராகப் போனதையும், சாரிடமும் அம்மாவிடமும் சொன்னதையும் சொன்னாள். இன்னமும் சிலர் முதுகுக்குப் பின்னால் சொல்லத்தான் செய்கிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

அந்தப் பெண் டிரம்மின் மூடியைத் திறந்தாள், மூடினாள். தண்ணீர் குடிக்கவில்லை.

"எங்க ஸ்கூல்லயும் எனக்கு ஒரு பேரு வச்சிருக்கறாங்க," என்றாள். "நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

வேன்காரர் ஹாரன் அடித்தார். மௌனிகா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டாள். தமிழ்ப்ரியா ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உட்காரு. எங்கிட்டச் சொல்லு," என்றாள்.